அண்ணியும் நானும் உன் காருக்குக் கோட்டிங் போட்ட சனிக்கிழமை

காரைக் கழுவவே கழுவாத என் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. உன்னிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நேராகச் செய்திக்கு வருகிறேன். உன் மெரூன் கார் இப்போது அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நீ இருந்தவரை அது மெரூன் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கழுவச் சொன்னால், “மழை பெய்யுது இல்ல, அப்புறம் என்ன?” என்பாய். உன் மகள் யாழினி பின்கண்ணாடித் தூசியில் விரலால் பூனை வரைந்தபோது, பூனை அழிந்துவிடும் என்று அந்தத் தூசியைக்கூடத் துடைக்க விடவில்லை.

நீ போன பிறகு இது மூன்றாவது மழைக்காலம். காய்ச்சல் என்று ஆட்டோவில் ஏறிப் போனவன், வீடு திரும்பவில்லை. பெங்களூர் மர்பி டவுன் சந்தில், உங்கள் வாசல் மரத்தடியில், நீ நிறுத்திய இடத்திலேயே கார் பல மாதங்கள் நின்றது. அப்புறம் ஒருநாள் அண்ணி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவே பயந்தாரே, அதே அண்ணிதான். இப்போது சில்க் போர்டு நெரிசலில் யாழினியின் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்.

ஆனால் காரின் பெயின்ட் செத்துக்கொண்டிருந்தது. பறவை எச்சம், மரத்துப் பிசின், போர்வெல் தண்ணீரின் வெள்ளைக் கறை எல்லாம் சேர்ந்து மேற்கூரை திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. போன மாதம் அண்ணி எனக்குப் போன் செய்தார்.

“செல்வி, உங்க வீட்டு பார்க்கிங் மேல மூடிதான இருக்கு? சனி, ஞாயிறு எனக்குக் குடேன். காருக்கு செராமிக் கோட்டிங் போடப்போறேன். பெயின்டைக் காப்பாத்தற பூச்சு.”

“அதுக்குன்னு கடை இருக்கே அண்ணி?”

“லேப்ல தினம் கிளவுஸ் மாட்டிக்கினு சொட்டுச் சொட்டாத்தான வேலை பண்றேன். இது மட்டும் இன்னா பெரிய வித்தை? வெயில் படக்கூடாது, தூசு பறக்கக்கூடாது, கூட ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆள் நீ.”

சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோதுதான் பிரச்சினை.

நீ போன பிறகு அம்மா எங்களோடு அத்திபெலேயில்தான் இருக்கிறாள். கீழே பார்க்கிங், மாடியில் நாங்கள். அதற்கு முந்தின வாரம்தான் ஓசூர் சித்தி போனில் அம்மாவிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தாள். அண்ணியையும் யாழினியையும் ஒரு ஆளோடு அல்சூர் ஏரிக்கரையில் பார்த்தாளாம். குழந்தை அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததாம். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

“வண்டிய விக்கப்போறா. இல்லன்னா, புது மாப்பிள்ளைக்கு மினுக்கிக் குடுக்கப்போறா. நீ கூடவே நின்னு வேலை செய்வ இல்ல? கேட்டுடு” என்றாள்.

அண்ணா, எனக்கும் அந்தச் செய்தி நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? எந்த உரிமையில் கேட்பது?

சனிக்கிழமை காலையில் அண்ணி வந்து இறங்கினார். யாழினி நேராக மாடிக்கு ஓடிவிட்டாள். “வாங்க அத்தை, வந்து பாருங்க” என்று அண்ணி கீழிருந்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா மாடிப்படியில் நின்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணி ஒரு கணம் அந்தப் படியையே பார்த்தார். பிறகு தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார்.

உன் மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அன்று ஓசூரில் ஷிப்ட். நாங்கள் இரண்டு பேர்தான். நெடுஞ்சாலை லாரிப் புழுதி உள்ளே வராமலிருக்க கேட்டைச் சாத்தி, பழைய புடவையை அதில் தொங்கவிட்டு, தரையை ஈரமாக்கினோம். ஷாம்பூ போட்டுக் கழுவினோம். அப்புறம் கிளே என்று மாவு உருண்டை மாதிரி ஒன்றைத் தந்தார். சோப்புத் தண்ணீர் தெளித்து அதைப் பெயின்ட் மேல் இழுத்தால், சொரசொரப்பாக இருந்த இடம் எல்லாம் வழவழவென்று ஆகிறது. உருண்டை கறுத்துப் போகிறது. நீ சேர்த்துவைத்த ஊர் அழுக்கு முழுக்க அதில் வந்தது.

“உங்க அண்ணன் இத்தப் பாத்தா அழுதுடுவார்” என்று அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததும் கோபம் வந்தது. அந்த ஆளோடு ஏரிக்கரையில் நடக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பாரா?

வாடகைக்கு எடுத்துவந்திருந்த மெஷினில் பாலிஷ் போட்டு முடிக்கப் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. சாப்பிட வரச் சொல்லி அம்மா யாழினியை அனுப்பினாள், தான் வரவில்லை. நாங்கள் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டபோதும் பேத்திக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

கோட்டிங் என்பது மைப்புட்டி அளவு சின்னக் குப்பி, அவ்வளவுதான். காரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் செய்துவிட்டு, சின்னப் பஞ்சுக் கட்டையில் துணி சுற்றி, சில சொட்டு விட்டு, பெயின்ட் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தடவ வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் வானவில் நிறம் ஓடும், ரோட்டுத் தண்ணீரில் பெட்ரோல் மிதக்குமே அந்த மாதிரி. அது தெரிந்ததும் துடைத்துவிட வேண்டும். பிந்திவிட்டால் அப்படியே இறுகிப்போகும். அப்புறம் பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். அதனால்தான் இரண்டு ஆள். அண்ணி தடவுவார், நான் துடைப்பேன்.

“இத்தப் போட்டா கீறலே விழாதா அண்ணி?”

“அப்டி ஒண்ணும் இல்ல. கல்லு பட்டா போகத்தான் போகும். அழுக்கு ஒட்டாது, பறவை எச்சம் சீக்கிரம் அரிக்காது, கழுவறது சுலபம். அவ்ளோதான். நானும் இன்னும் எத்தினியோ வருஷம் இத்த மரத்தடியிலதான நிறுத்தி ஓட்டணும்?”

விற்பதற்கு இல்லை என்று அப்போது புரிந்தது. பின்பக்கம், இடது கதவுகள் எல்லாம் முடிந்து பானெட்டுக்கு வந்தோம். அண்ணி தலை நிமிராமல் தடவிக்கொண்டே சொன்னார்.

“செல்வி, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

என் கையில் துணி இருந்தது. எதிரே வானவில் ஓடியது, மறைந்தது. நான் அப்படியே நின்றேன்.

“துடை செல்வி! இறுகுது பார். துடை!”

துடைத்தேன். பாதி வந்தது. மீதி பானெட் நடுவில் உள்ளங்கை அளவு கருந்திட்டாக நின்றுவிட்டது. துணியை வீசிவிட்டு மாடிக்குப் போயிருப்பேன், அண்ணா. ஆனால் அடுத்த இடத்தை அவர் ஏற்கெனவே தடவிவிட்டிருந்தார். அது காயக் காத்திருந்தது. அதையும் துடைத்தேன், அதற்கு அடுத்ததையும். கோபத்தோடு ஒருவரை விட்டுப் போகவும் முடியாமல், பக்கத்தில் நின்று அவர் தடவியதைத் துடைத்துக்கொண்டே இருந்தால் கோபம் என்ன ஆகும் தெரியுமா? போகாது. ஆனால் பேச்சாக மாறும்.

“யாரு?” என்று கேட்டேன்.

“மஞ்சுநாத். எங்க ஆஸ்பத்திரி ப்ளட் பேங்க்ல இருக்கார்.”

“கன்னடக்காரரா?”

“வீட்ல கன்னடம். நம்மகிட்ட தமிழ்தான் பேசறார், தப்புத் தப்பா.”

வலது கதவையும் முடித்தோம். பிறகு கேட்டே விட்டேன். “அண்ணனை மறந்துட்டீங்களா அண்ணி?”

அவர் கையை நிறுத்தினார். கண் கலங்கியது, ஆனால் குரல் உடையவில்லை.

“மறந்துட்டா கஷ்டமே இல்லியே. வார நாள் எல்லாம் ஓடிடும் செல்வி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு முடிச்சதும் வீடு அப்டியே நின்னுடும். யாழினி தூங்கிடும். நான் சுவரைப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன். உங்க அண்ணனைப் பத்திப் பேசினா எல்லாரும் ‘விடும்மா, அழாத’ன்னு பேச்சை மாத்தறாங்க. மஞ்சு மட்டும் மாத்தல. ‘அப்புறம் இன்னா ஆச்சு?’ன்னு கேட்டார். அந்தப் பூனை கதை சொன்னேன். இன்னொரு தபா சொல்லச் சொன்னார்.”

உன்னைப் பற்றிப் பேச்சு வரும்போது நானும்தானே பேச்சை மாற்றியிருக்கிறேன்? அண்ணி அழக்கூடாது என்று நினைத்துத்தான் மாற்றினேன். அவரை எதிலிருந்து காப்பாற்றினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில் அம்மா இறங்கி வந்தாள். நடுப்படியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. பார்க்கிங்கின் ஓரத்தில் நின்று காரைப் பார்த்தாள். அண்ணி கிளவுஸைக்கூடக் கழற்றவில்லை.

“அத்தை, உங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் வந்தேன். காலையிலேர்ந்து தைரியம் வரல.”

“கேட்டுச்சு” என்றாள் அம்மா.  காரின் டிரைவர் பக்கக் கதவைக் கையால் காட்டினாள். “அவன் உக்காந்த எடம் அது. அதுல இன்னொருத்தன் உக்காந்து ஓட்டிக்கிட்டு எங்க வாசல்ல வந்து நிப்பான். அதை நான் பாக்கணும். இல்ல?”

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெல்லச் சொன்னார். “அவருக்கு ஓட்டவே தெரியாது அத்தை. வண்டின்னா பயம். நான் பக்கத்துல உக்கார வெச்சுக்கினு ஓட்டினாலே கைப்பிடியைக் கெட்டியாப் புடிச்சுக்கறார்.”

அம்மா அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். “பெங்களூர்ல இருந்துக்கிட்டு, வண்டி ஓட்டத் தெரியாத ஆம்பளையா?”

“ஆமா அத்தை. பஸ்தான்.”

அம்மாவின் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அடுத்த நொடியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்துக்கொண்டார். அம்மா தள்ளிவிடவில்லை. ஆனால் அழுதுகொண்டே சொன்னாள்: “குழந்தையை எடுத்துக்கிட்டுப் போயிடுவ.”

“எங்க போவேன்? அதே சந்து, அதே வீடு. லீவுக்கு எப்பவும் போல இங்கதான் வருவா. அவரைக்கூட அப்பான்னு கூப்பிடச் சொல்லல அத்தை. அங்கிள்னுதான் கூப்பிடறா.”

“நாளைக்கு அவ என்ன பாஷை பேசுவா?”

“இப்பவே ரெண்டும்தான். உங்ககிட்டக் கொஞ்சறது தமிழ்ல. என்கிட்ட அடம் புடிக்கறது கன்னடத்துல.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நாங்கள் மிச்சமிருந்த மேற்கூரையை முடித்தோம். அண்ணி ஸ்டூல் மேல் நின்று தடவினார், நான் எட்டி எட்டித் துடைத்தேன். இரண்டு பேருக்கும் முகம் வீங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டில் இருந்த திட்டை பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மறுபடி கோட்டிங் போட்டோம். முடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாளாவது தண்ணீர் படாமல் காய வேண்டும், குளிர்ந்த காற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். மர்பி டவுனில் நிறுத்த மூடிய இடம் கிடையாது. “கார் இங்கயே இருக்கட்டும், நாங்க பஸ்ல போயிடறோம்” என்று அண்ணி கிளம்பினார்.

மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “வண்டி நனையக்கூடாது, குழந்தை நனையலாமா? இருந்துட்டுப் போகச் சொல்லு செல்வி.”

என்னிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனாலும் அண்ணி பையைக் கீழே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அண்ணி லீவு போட்டார், யாழினிக்கும் லீவு. மறுநாள் யாழினிக்குப் பரீட்சை. காலையில் இங்கிருந்தே நேராகப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போய்விடலாம் என்று முடிவு. ஆனால் யூனிஃபார்மும் புத்தகப் பையும் மர்பி டவுனில் இருந்தன. அண்ணி யாரிடமோ போனில் கன்னடத்தில் பேசினார். பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் நல்ல மழை. கேட்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, கண்ணாடி, முன்தலை வழுக்கை. முழங்கால்வரை சேறு. குடை இருந்தது, ஆனால் அது அவருக்கு இல்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய யாழினியின் புத்தகப் பையை மார்போடு அணைத்து, அதற்குத்தான் குடை பிடித்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே வரவில்லை.

அண்ணி படியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? இது என் வீடு, நான்தான் கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை, அண்ணா. உண்மையைச் சொல்கிறேன்.

அம்மா என்னைத் தாண்டிப் போனாள். இந்த ஊர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிப் பழகிய நாலைந்து கன்னட வார்த்தைதான் அவளுக்குத் தெரியும். காரைச் சுற்றிக்கொண்டு கேட் அருகில் போய் நின்று, மழைச் சத்தத்துக்கு மேல் சொன்னாள்.

“பன்னி. ஒளகே பன்னி.”

வாருங்கள், உள்ளே வாருங்கள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “பரவால்லங்கம்மா, பையைக் குடுத்துட்டுப் போறேன்” என்றார், தமிழில்.

“ஊட்டா ஆய்தா?” என்றாள் அம்மா.

சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால் எல்லாரும் ஆயிற்று என்றுதான் சொல்வார்கள். அவரும், “ஆச்சுங்கம்மா” என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, “இல்ல, ஆகல” என்றார்.

அம்மா துண்டு எடுத்துவரச் சொன்னாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். அவள் அரைகுறைக் கன்னடத்திலும் அவர் தப்புத் தமிழிலும் பேசிக்கொண்டார்கள். நடுவில் யாழினி இரண்டு பேரையும் திருத்திக்கொண்டிருந்தாள். உன் படத்துக்கு முன்னால்தான் அண்ணா எல்லாம் நடந்தது. கிளம்பும்போது அவர் உன் படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றார். கும்பிடவில்லை. தெரிந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். உனக்கு எப்படி இருந்தது?

அடுத்த மாதம் பதிவுத் திருமணம். அம்மா வருவாளா தெரியாது. கேட்டால், “பாக்கலாம்” என்கிறாள். சில நாள் தனியாக உட்கார்ந்து அழுகிறாள். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அண்ணி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன். அதே மனசு, நீ இருந்திருக்கலாமே என்றும் நினைக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றுதான் குழப்பம். அண்ணியின் கணவரை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். நம் முறை அது. ஆனால் அந்தச் சொல்லை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு மஞ்சு சார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அண்ணி என்ற சொல்லில் எனக்குக் குழப்பமே இல்லை. அதை நீதான் எனக்கு வாங்கித் தந்தாய். நீ போய்விட்டாய் என்பதற்காக அதைத் திருப்பித் தர மாட்டேன். பதிவு அலுவலகத்தில் அண்ணியின் பக்கம் நின்று சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், அந்தக் கூட்டத்தில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, அவரை அண்ணி என்றே கூப்பிடுவேன். இது உனக்குச் செய்கிற சத்தியம்.

என்றும் உன் தங்கை,
அண்ணியின் நாத்தனார்,
செல்வி